மூலையில் கிடந்த ஐந்து பெயின்ற் ரின்கள்

"உது இனி உதவாது அக்கா. கிணத்தடி வாழைக்குள்ள ஊத்திப்போட்டு வாளியைக் கழுவி எடுங்கோ. வாளியாவது மிஞ்சும்."

வலிகாமம் வடக்கில், விடுவிக்கப்பட்ட காணியொன்றில் மீளக் குடியமர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்த வேளை நமது காதில் விழுந்த வார்த்தைகள் இவை. சொன்னவர் அந்த வீட்டுத் தாயின் தம்பி. தாயின் முன்னால், வேப்பமர நிழலில், ஐந்து பெயின்ற் ரின்கள் வரிசையாக இருந்தன. வவுனியாவில் வசிக்கும் மூத்த சகோதரர் தமது கொட்டிலைத் துப்பரவாக்கியபோது எடுத்து, வெங்காயம் ஏற்றிப்போய் வெறுமையாகத் திரும்பிய லொறியில் அனுப்பிவைத்தவை அவை.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பம் இது. உறவினர் வீடு, நலன்புரி நிலையம், வாடகைக் குடிசை என்று பல இடங்களில் வாழ்ந்து, தமது செம்மண் காணிக்குத் திரும்பியபோது பழைய வீட்டில் கூரை இருக்கவில்லை. அதன் அருகே இரண்டு அறைகளுடன் ஒரு சிறு வீடு எழுப்பியிருக்கிறார்கள். சுவருக்குச் சாந்து பூசியாகிவிட்டது. அதற்கு மேல் கையில் பணமில்லை.

இது இந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. இந்திய உதவியுடனான வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று அது கரைந்தபின், பெயின்ற் என்பது 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிவைக்கப்படும் காரியமாயிற்று. 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்து விலைகள் ஏறியபின் அந்தப் 'பிறகு' இன்னும் தூரம் போய்விட்டது. இந்த நிலையில் உறவினர் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ரின் ஒன்று பெரிய உதவியாக முடியும். அதே ரின் குழந்தையின் உடலில் நஞ்சையும் சேர்க்க முடியும். எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

நல்ல வேளையாக அயலில் வசிக்கும் முதியவர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பெயின்ற் வேலை செய்தவர். "பொறு தம்பி, திறந்து பாக்காமல் தீர்ப்புச் சொல்லாதை" என்றவர், தாயைப் பார்த்து, "பிள்ளை, ரெண்டு வெறும் வாளியும் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒண்டும் கொண்டா" என்றார். அன்று அவர் செய்து காட்டியதையும், நாம் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

திறப்பதற்கு முன்

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த ஐந்து ரின்களும் எங்கிருந்து வந்தன என்பது தெரியும். புதிதாக விடுவிக்கப்பட்ட காணியிலோ, பாழடைந்த வீட்டிலோ, பற்றைக்குள்ளோ கிடக்கும் ரின், பேணி, பீப்பா எதையும் இவ்வாறு எடுத்துத் திறக்கக்கூடாது. நீங்கள் வைத்துவிட்டுப் போனதைப்போலத் தோன்றினாலும் தொடாதீர்கள். கண்ணிவெடி அகற்றுவோருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். ஒரு வாளி பெயின்றுக்காக ஒரு கையை இழக்க வேண்டாம்.

தெரிந்த இடத்திலிருந்து வந்த ரின்னையும் வெளியே, காற்றோட்டமான நிழலில் வைத்தே திறக்க வேண்டும். குழந்தைகள் அருகில் நிற்கக்கூடாது. மூடியின் மேலுள்ள தூசியையும் துருவையும் ஈரத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் அவை உள்ளே விழுந்து பெயின்றைக் கெடுத்துவிடும். மூடி மேல்நோக்கிப் புடைத்திருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் தடித்த துணியொன்றைப் போட்டு, முகத்தை விலக்கி, மெல்ல மெல்லக் கிளப்புங்கள்.

ஐந்து ரின்களில் ஒன்றில் பெயர்த்தாள் இருக்கவில்லை. முதியவர் மூடியைச் சற்றே கிளப்பிவிட்டு உடனே அமத்தி மூடினார். பூச்சிமருந்து மணம். தோட்டம் செய்யும் வீடுகளில் மிஞ்சிய மருந்தை வெறும் பெயின்ற் ரின்னில் ஊற்றி வைக்கும் பழக்கம் உண்டல்லவா? அந்த ரின் அப்படியே ஒதுக்கி வைக்கப்பட்டது. மிஞ்சியவை நான்கு.

நீர்ப் பெயின்றா, எண்ணெய்ப் பெயின்றா?

வீடுகளில் பயன்படும் பெயின்ற் இரண்டு வகை. சுவருக்குப் பூசும் எமல்சன் நீரில் கரைக்கப்படுவது. கதவு, யன்னல், இரும்புக்குப் பூசும் எனாமல் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. பெயர்த்தாள் அழிந்துபோயிருந்தால், ஒரு பேணி தண்ணீரில் ஒரு துளியை விட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீரோடு கலந்து பால்போல் பரவினால் எமல்சன். கலக்காமல் திரண்டு நின்றால் எனாமல். இவை இரண்டையும் ஒருபோதும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது.

நான்கில் மூன்று எமல்சன்: 10 லீற்றர் வாளியொன்றில் பாதியளவு வெள்ளை, 4 லீற்றர் ரின்னில் ஏறக்குறைய அரைவாசி இளமஞ்சள், இன்னொரு ரின்னில் நீலம். நான்காவது, பச்சை நிற எனாமல்.

(சீமெந்துப் பெயின்ற் என்று தூளாக விற்கப்படுவதும் உண்டு. ஈரம் பட்டுக் கட்டியானால் அது சீமெந்து இறுகியதற்குச் சமம். இடித்துத் தூளாக்கினாலும் சுவரில் பிடிக்காது. அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.)

கண்ணும் மூக்கும் சொல்லும் சாட்சி

வெள்ளை வாளியைத் திறந்தபோது மேலே மங்கலான தண்ணீர் தேங்கி நின்றது. "பாத்தீங்களே, திரைஞ்சு போச்சு" என்றார் தம்பி. அது திரைதல் அல்ல. பல காலம் அசையாமல் இருக்கும் பெயின்றில் பாரமான நிறத்தூள் அடியில் படியும், நீர் மேலே நிற்கும். தயிரில் தண்ணீர் பிரிந்து நிற்பதைப் போன்றது. கலக்கினால் மீண்டும் ஒன்றாகிவிடும். அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றக்கூடாது. அதுவும் பெயின்றின் பகுதிதான்.

இளமஞ்சளில் மேலே தடித்த ஆடை படிந்திருந்தது. மூடி இறுக்கமாக இல்லாததால் காற்றுப் பட்டு மேற்பரப்பு காய்ந்துவிட்டது. ஆடைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆடையைக் கலக்கிவிடாமல், கத்தியால் ஓரத்தைச் சுற்றி வெட்டி, முழுதாகத் தூக்கி எடுத்துவிட வேண்டும். உடைத்துக் கலக்கினால் துண்டு துண்டாகிச் சுவர் முழுவதும் பருப்பருவாய் நிற்கும்.

நீலத்தைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கூழ்முட்டை மணம். எமல்சனில் இருப்பது நீர் அல்லவா? காலம் செல்ல, கெடாமல் காக்கும் மருந்து வலுவிழந்து, கிருமிகள் பெருகிவிடுகின்றன. அவை பெயின்றைப் பிடித்துவைக்கும் பசைத்தன்மையையும் கெடுத்துவிடும். வாசனை சேர்த்தாலும் பயனில்லை. சுவரில் பூசியபின் அறை முழுவதும் நாறும். பூஞ்சணம் படர்ந்த பெயின்றும் இப்படித்தான். சாதாரணமான பெயின்ற் மணத்துக்குப் பயப்பட வேண்டாம். அழுகிய மணத்துக்குப் பயப்பட வேண்டும். நீலம் கழிக்கப்பட்டது.

பெயின்றுக்கு ஆயுள் எவ்வளவு? நன்றாக மூடி, வெயில் படாமல் வைத்த எமல்சன் பத்து வருடம் வரைகூட நிற்கலாம், எனாமல் அதிலும் கூடுதலாக நிற்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நமது வெக்கையில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்த ரின்னுக்கு அந்தக் கணக்கை நம்ப முடியாது. வருடத்தை எண்ணுவதைவிட ரின்னைத் திறந்து பார்ப்பதே நல்லது.

கலக்குதலும் வடித்தலும்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ஒரு தடியை விட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "கலங்கிப் போச்சு" என்று பூசத் தொடங்கிவிடுகிறார்கள். அடியில் படிந்த தூள் அங்கேயே இருந்துவிடுகிறது. முதற் சுவர் வெளிறிப்போய் இருக்கும், கடைசிச் சுவர் தடித்துப்போய் இருக்கும்.

முதியவர் செய்த முறை இது. மேலே நின்ற நீர்ப் பகுதியைச் சுத்தமான வேறொரு வாளிக்கு மாற்றினார். தட்டையாகச் சீவிய தென்னை மட்டையொன்றால் அடியில் இருந்த கட்டியைச் சுரண்டிச் சுரண்டி இளக்கினார். மாற்றி வைத்ததைச் சிறிது சிறிதாகத் திரும்ப விட்டுக் குழைத்தார். சோற்றுக்குக் கறி விட்டுக் குழைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கை ஓயவில்லை. பின்னர் தேநீர் ஆற்றுவதுபோல் ஒரு வாளியிலிருந்து மற்றதற்குப் பல தடவை மாற்றி ஊற்றினார். ஆனால் உயரத் தூக்கி ஊற்றக்கூடாது, நுரைத்துவிடும்.

மட்டையைத் தூக்கிப் பார்த்தால் பெயின்ற் தடையின்றி ஒழுகவேண்டும். எவ்வளவு கலக்கியும் தயிர்க்கட்டிபோல், மணல்போல் நின்றால் அது திரைந்துவிட்டது. அதைத் திருத்த வழியில்லை.

அடுத்தது வடித்தல். நுளம்பு வலையை இரண்டாக மடித்து வாளி வாயில் கட்டி, தேங்காய்ப்பால் வடிப்பதுபோல் வடிக்க வேண்டும். பழைய வொயில் சேலைத் துண்டும் உதவும். துரு, ஆடைத் துண்டு, இறந்த பூச்சி யாவும் வலையில் தங்கிவிடும்.

பெயின்ற் தடித்திருந்தால் மட்டும் சுத்தமான தண்ணீர் சேருங்கள். ஒரு லீற்றருக்கு 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், அதையும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் விட்டால் மற்ற அறைக்கும் காணும்" என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினால் இரண்டு அறையும் கெடும். பசை குறைந்த பெயின்ற் அடுத்த மாரிக்கே பொடியாக உதிரும்.

வெள்ளையையும் இளமஞ்சளையும் சேர்த்துக் கலக்கலாமா? இரண்டும் எமல்சன் என்றால் கலக்கலாம். வேறு வேறு கம்பனிப் பெயின்ற் என்றால் முதலில் ஒரு பேணியில் கொஞ்சம் கலந்து இரவு வைத்துப் பாருங்கள். திரையாமல் இருந்தால் முழுவதையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதி முடிந்தபின் மீண்டும் அதே நிறத்தைக் கலந்தெடுக்க எவராலும் முடியாது.

எவ்வளவு தேவை என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால், கதவு யன்னலைக் கழித்துச் சுவர்ப்பரப்பு ஏறக்குறைய 320 சதுர அடி. ஒரு லீற்றர் எமல்சன் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்குப் போதும். இரண்டு பூச்சுக்கு ஆறரை லீற்றர் வேண்டும். இந்த வீட்டில் வடித்துச் சேர்ந்தது ஏறத்தாழ ஏழு லீற்றர். ஓர் அறைக்குப் போதும்.

மற்ற அறைக்கு என்ன செய்வது? நமது முன்னோர் செய்ததைச் செய்யலாம். நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது நீலம் சேர்த்து வெள்ளை அடிக்கலாம். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் கவனம் வேண்டும்.

ஓர் இரவு பொறுத்திருங்கள்

எல்லாம் சரியென்று தோன்றினாலும் உடனே சுவர் முழுவதும் பூசக்கூடாது. கதவுக்குப் பின்னால், இரண்டு கையகலத்துக்குப் பூசி, மறுநாள்வரை விடுங்கள். காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். மாப்போல் கையில் ஒட்டுகிறதா? ஈரத் துணியால் துடைத்தால் நிறம் கழருகிறதா? வெடிப்பு விழுந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெயின்ற் வேண்டாம்.

சுவருக்கும் பக்குவம் வேண்டும். புதுச் சாந்து குறைந்தது 28 நாள் காயவேண்டும். பழைய சுவரென்றால் பாசியைக் கழுவி, உதிரும் சுண்ணாம்பைத் தேங்காய்த் தும்பால் உரசி நீக்கி, உலரவிட வேண்டும். பொடியாய் உதிரும் சுண்ணாம்பின்மேல் எமல்சன் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் இந்த வேலையை வைக்காமல் தைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை எனாமல்

பச்சை ரின்னைப் பார்த்ததும் வீட்டுச் சிறுமியின் முகம் மலர்ந்தது. தன் மேசைக்கும் யன்னலுக்கும் அந்த நிறம் வேண்டும் என்றாள். திறந்து பார்த்தால் மேலே மெல்லிய ஆடை. கீழே பளபளப்பான பெயின்ற். ஐந்திலும் பார்வைக்கு மிகச் சிறந்தது அதுதான். ஆனால் முதியவர் மூடிவிட்டார். "எப்ப வாங்கினதெண்டு தெரியாது, பிள்ளை. இது வீட்டுக்குள்ள வேண்டாம்."

காரணம் ஈயம். முற்காலத்தில் எனாமல் பெயின்றில் நிறத்துக்காகவும் விரைவாய்க் காய்வதற்காகவும் ஈயம் சேர்க்கப்பட்டது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற நிறங்களில் அது அதிகம். நமது நாட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பெயின்றிலுள்ள ஈயத்துக்கு எல்லை விதித்து 2011 இல் வர்த்தமானியில் அறிவித்தது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எனாமலுக்கு விதிக்கப்பட்ட எல்லை பத்து இலட்சம் பங்கில் 600 பங்கு. எமல்சனுக்கு 90 பங்கு. அதற்கு முன் வாங்கிய எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோ மணந்தோ அறிய முடியாது. கலக்குவதாலோ வடிப்பதாலோ அது நீங்கவும் மாட்டாது.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் பின்தங்கும், கவனம் சிதறும். இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யன்னல் விளிம்பைக் கடிக்கும் குழந்தை, பெயின்ற் துகள் படிந்த கையை வாயில் வைக்கும் குழந்தை, வயிற்றில் வளரும் சிசு ஆகியோருக்கே ஆபத்து அதிகம். எனவே 2013 க்கு முன் வாங்கிய, அல்லது வாங்கிய காலம் தெரியாத எனாமலை வீட்டுக்கோ, தொட்டிலுக்கோ, பள்ளி மேசைக்கோ, கோழிக்கூட்டுக்கோ பூச வேண்டாம்.

பிற்காலத்தில் வாங்கியதென்று நிச்சயமாய்த் தெரிந்த எனாமலைத் திருத்தலாம். ஆடையை நீக்கி, கலக்கி, வடித்து, தடிப்பாயிருந்தால் ரர்ப்பன்ரைன் சிறிது சேர்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மலிவென்று மண்ணெண்ணெய் விட்டால் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பெற்றோலைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பூசிய மாதிரி இரண்டு நாளாகியும் காயாவிட்டால் அந்த ரின் உதவாது.

பழைய கதவும் அடுப்பும்

ஈயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் இன்னொன்று கண்ணில் பட்டது. இடிந்த பழைய வீட்டின் கதவுத் துண்டுகள், உரிந்த பெயின்றோடு, குசினி மூலையில் விறகாக அடுக்கப்பட்டிருந்தன. விறகுக்குத் தட்டுப்பாடான இடத்தில் இது இயல்புதான். ஆனால் பழைய பெயின்ற் பூசிய மரத்தை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் சேரும். அந்தப் புகையைத் தாய் சுவாசிக்கிறாள். அந்தச் சாம்பல் கீரைப் பாத்திக்குப் போகிறது. பெயின்ற் பூசிய மரத்தை எரிக்காதீர்கள்.

உரியும் பழைய பெயின்றை நீக்க வேண்டியிருந்தால் நனைத்தபின் சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் மண் கடதாசியால் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். கீழே சாக்கு விரித்து, துகள்களை ஒன்று விடாமல் சேருங்கள். கோழிகள் அவற்றைக் கொத்தினால் முட்டை வழியாக அது நமது கோப்பைக்கே வரும். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை வேறாகத் தோய்க்க வேண்டும்.

கழிவை எங்கே போடுவது?

இப்போது தம்பி முதலில் சொன்ன ஆலோசனைக்கு வருவோம். கிணற்றடி வாழைக்குள் ஊற்றினால் என்ன? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த அந்தக் கல்லின் வழியே மேலே ஊற்றுவது கீழே உள்ள நீரைச் சென்றடையும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரைத்தான். பிறஷ் கழுவிய தண்ணீரையும் கிணற்றுக்குத் தூரமாகவே ஊற்ற வேண்டும்.

கெட்டுப்போன எமல்சனில் உலர்ந்த மணலையோ மரத்தூளையோ கொட்டிக் கிளறி, முற்றாக இறுகவிட்டு, பிரதேச சபை குப்பை எடுக்கும்போது கொடுக்கலாம். பழைய எனாமல், சுரண்டிய துகள், பூச்சிமருந்து கலந்த ரின் ஆகியவற்றை இறுக மூடி, அடையாளம் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள்.

வெறும் வாளி பயனுள்ளதுதான். ஆனால் குடிநீருக்கும் அரிசிக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம். மண் சுமக்கலாம், பூங்கன்று நடலாம். எனாமல் ரின்னை அதற்கும் எடுக்க வேண்டாம்.

மிஞ்சியது

ஐந்து ரின்களில் பயன்பட்டவை இரண்டு. ஆனால் அந்த இரண்டும் ஓர் அறையை நிறைத்தன. ஒரு வாரத்தின் பின் மீண்டும் போனபோது சிறுமி படிக்கும் அறை வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பூசியவர் தம்பி. யன்னல் பலகை மட்டும் வெறும் மரமாகவே இருந்தது. "நெல்லுக் காசு வந்ததும் புதுசா ஒரு சின்ன ரின் வாங்கித் தாறன் எண்டு மாமா சொன்னவர்" என்றாள் சிறுமி.

மிஞ்சிய அரை லீற்றரை வாய் நிறையும்படி சிறிய போத்தலொன்றில் ஊற்றி, பிளாஸ்ரிக் தாளை இடையில் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே காற்றுக் குறைந்தால் ஆடை படியாது. சுவரில் கீறல் விழுந்தால் திருத்த அது உதவும். மூடியின்மேல் சிறுமியின் கையெழுத்தில் திகதியும், 'எமல்சன், படிக்கிற அறை' என்ற சொற்களும் இருந்தன. அடுத்த முறை இதைத் திறப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் மிஞ்சும் ஒவ்வொரு ரின்னிலும் இதை எழுதி வையுங்கள்.